கடலாமையும் கரையோர உழைப்பும்

இயற்கைப் பாதுகாப்பைச் சட்டத்தின் சாதனையாக மட்டுமே நோக்குவோர், தங்காலைக்கு அண்மையிலுள்ள றெக்கவக் கரையின் அனுபவத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கடலாமைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டிருந்த காலத்திலும் அங்கு அவற்றின் முட்டைகள் அகழ்ந்து விற்கப்பட்டே வந்தன. அகழ்ந்தோரின் வறுமையைச் சட்டம் தீண்டவில்லை. 1996இல் கடலாமைப் பாதுகாப்புத் திட்டம் அவர்களையே ஊதியம் பெறும் காவலராக்கியது. மணலுள் மறைந்த முட்டைக்குழியைக் கண்டறியும் அவர்தம் பட்டறிவு, அழிவுக்குத் துணைபோன நிலைமாறிக் காப்புக்கு அடிப்படையாயிற்று. 2006இல் அக்கரை சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும், காவலரின் ஊதியம் வெளியார் நிதியையும் உல்லாசப் பயணிகளின் வருகையையுமே நம்பியிருப்பின், இம்மாற்றம் உறுதியானதன்று. கரையோர மக்களின் சீவனோபாயத்தைப் புறக்கணிக்கும் எப்பாதுகாப்பும் நிலைக்காது என்பதே எமது துணிபு.