பத்தாயிரத்து எண்பது வழிகளில் பங்கு போடலாம்

ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினால் 2, 3, 4, 6 பேருக்குச் சண்டையில்லாமல் பங்கு போடலாம். பத்துப் பழம் என்றால் 2 பேர் அல்லது 5 பேர், அவ்வளவுதான். 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எண்கள் எல்லாவற்றையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சுவதை உயர் பகு எண் என்கிறார்கள். 60 அப்படிப்பட்டது, அதற்கு 12 வகுத்திகள். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று வைத்தால் அரை நாள், கால் நாள், மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு எதைக் கேட்டாலும் முழு நாழிகையில் சொல்லிவிடலாம்.

இந்த எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் அவர் பட்டம் பெற்றது பெரும்பாலும் இந்த ஆய்வுக்காகத்தான். அதிலுள்ள அட்டவணையின் கடைசி எண் 6746328388800. நம் கணக்கில் 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு 10,080 வகுத்திகள். 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29-இல்தான் முதன்முதலாக இடிக்கும்.

பத்தாயிரத்து எண்பதையும் யாரும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் போதும். இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை பெருக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வகுத்தியை உருவாக்க 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம்: ஏழு வாய்ப்பு. அதேபோல் 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080.

6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று அடுக்கு படிப்படியாக இறங்குவதைக் கவனியுங்கள். அது தற்செயல் இல்லை. 2-ஐ நான்கு முறையும் 3-ஐ ஆறு முறையும் என்று மாற்றிப் போட்டால் வகுத்திகள் அதே 10,080தான். எண் மட்டும் இரண்டேகால் மடங்கு வீங்கிவிடும். சிறிய பகா எண்ணை அதிகமாகவும் பெரியதைச் சிக்கனமாகவும் எடுத்தால்தான் எண் சிறியதாக நிற்கும். எல்லா உயர் பகு எண்ணிலும் இந்த இறங்குவரிசை தப்பாது. கடைசிப் பகா எண் எப்போதும் ஒரே ஒரு முறைதான் வரும்; 4, 36 இரண்டும் மட்டுமே விதிவிலக்கு. இதையும் இராமானுஜன் அதே கட்டுரையில் நிறுவினார். எனக்கு அட்டவணையைவிட இந்த ஒழுங்குதான் வியப்பு.

கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. அத்தனை நீண்ட அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிற்று: 293318625600. அதற்கு 5,040 வகுத்திகள், மிகச் சரியாகப் பாதி. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் கடைசி எண் வந்து நிற்கும்.