வேலிக்கு மேலே யாருடைய காணி?

காணி என்றதும் எமக்கு எல்லைக்கல்லும் வேலியும் நினைவுக்கு வரும். அந்த உரிமை மேல்நோக்கி எவ்வளவு தூரம் செல்லும்?

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவில், இரண்டாம் உலகப் போரின்போது, ஒரு சிறு கோழிப் பண்ணையாளரின் வீட்டுக்கு 67 அடி மேலே இராணுவ விமானங்கள் பறந்தன. மிரண்டு சுவரில் மோதி ஏறத்தாழ 150 கோழிகள் செத்தன. பண்ணையைக் கைவிட நேர்ந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். வானம் முழுவதும் காணிக்காரருக்குச் சொந்தமல்ல, ஆயினும் நிலத்தைப் பயன்படுத்தத் தேவையான அளவு மேல்வெளி அவருடையதே என 1946இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் குலைத்தால் அரசு நட்டஈடு கொடுக்க வேண்டும்.

இன்று வளவுக்கு மேல் வருவது கமரா பூட்டிய ட்ரோன். 2015இல் கென்டக்கியில் ஒருவர் அப்படி வந்த ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினார். உள்ளூர் நீதிபதி குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். ட்ரோன்காரர் சமஷ்டி நீதிமன்றம் சென்றார். இது தனது நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதல்ல என 2017இல் அது வழக்கைத் தள்ளியது. எல்லை எங்கே என்பதற்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

செத்த கோழிகளை எண்ணிக் காட்டலாம். ட்ரோன் கோழியைக் கொல்வதில்லை. கிணற்றடியில் குளிக்கும் பெண்ணின் நிம்மதியையே பறிக்கிறது. அதையும் இழப்பாக எண்ணச் சட்டம் பழகவேண்டும் என்பதே எமது எண்ணம்.