திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள்

2006 ஜனவரி 2, திங்கள்கிழமை மாலை. இலங்கையின் திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலை அருகே மாணவர்கள் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பக்கமிருந்து வந்த ஆட்டோவிலிருந்து கையெறிகுண்டு விழுந்தது. அடுத்து வந்தவர்கள் சீருடை அணிந்த ஆயுததாரிகள். காயம்பட்டுக் கிடந்த பையன்களை அடித்தார்கள், பிறகு சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள், இருவர் பிழைத்தார்கள்.

இறந்தவர்களில் ஒருவர் ரஜீகர். குண்டு வெடித்ததும் செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா டாக்டர் காசிப்பிள்ளை மனோகரன் அலறியடித்துக்கொண்டு ஓடினார். காவலரணில் இருந்தவர்கள் அவரைக் கடற்கரைக்குள் விடவில்லை. மகனைப் பிணவறையில்தான் பார்த்தார். மகன் விடுதலைப் புலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடலைத் தருவதாகச் சொன்னார்கள். அவர் போடவில்லை.

தாங்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே மாணவர்கள் செத்தார்கள் என்றது அரசுத் தரப்பு. அதைப் பொய்யாக்கியவை 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போகப் பஸ்ஸுக்காக நின்றிருந்த சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள்.

சாட்சிகளின் விரல் நீண்டது போலீஸின் விசேட அதிரடிப்படையை நோக்கி. 1980-களில் தொடங்கப்பட்டு, பிரிட்டனின் தனியார் கூலிப்படை நிறுவனமான கேஎம்எஸ்ஸிடம் பயிற்சி பெற்ற படை அது. பெயருக்குப் போலீஸ், செய்தது போர்.

இதே போன்ற ஒரு படை செர்பியாவிலும் இருந்தது. பெயர் ஸ்கார்பியன்ஸ், அதாவது தேள்கள். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் அதிகமான போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட நாட்களில், அங்கே பிடிபட்ட ஆறு பேரை இந்தப் படை த்ர்னோவோ அருகே கொண்டுபோனது. கைகளைக் கட்டி நடத்திச் சென்று நான்கு பேரைச் சுட்டது. மீதி இருவரின் கட்டை அவிழ்த்துப் பிணங்களைச் சுமக்க வைத்து, அவர்களையும் சுட்டது. முழுவதையும் வீடியோ எடுத்தவனும் படையைச் சேர்ந்தவனே. கேமரா பேட்டரி தீரப்போகிறது என்று அவன் கவலைப்படுவதும் அதில் பதிவாகியிருக்கிறது. கொலையை வேலை நேரத்து அலுவலாகப் பார்த்தவர்களின் குரல் அது.

பிரதிகளை அழிக்கச் சொல்லியும் ஒன்று தப்பியது. பெல்கிரேட் மனித உரிமைச் செயற்பாட்டாளர் நடாஷா கண்டிச் அதைத் தேடிப் பிடித்தார். 2005 ஜூன் 1 அன்று ஹேக் நகரில், செர்பியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் மீதான போர்க்குற்ற விசாரணையில் அது திரையிடப்பட்டது. ஒரு தாய் தன் 16 வயது மகனைத் தொலைக்காட்சியில் அடையாளம் கண்டார். 2007-இல் பெல்கிரேட் நீதிமன்றம் நான்கு பேருக்குத் தண்டனை விதித்தது. தலைவன் ஸ்லோபோதான் மெதிச்சுக்கு 20 ஆண்டு.

செர்பிய அரசுக்கு மனசாட்சி உறுத்தியதால் இது நடந்துவிடவில்லை. ஹேக் நீதிமன்றம் கழுத்தில் கை வைத்திருந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசல் எதிரே இருந்தது. திருகோணமலையில் அப்படி யாரும் இல்லை. படம் எடுத்தவர் செத்தார், சாட்சிகள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே ஓடினார்கள், மனோகரன் குடும்பமும் வெளியேறியது. ஓடியவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

2013-இல் அதிரடிப்படையினர் பதிமூன்று பேர் கைதானார்கள், சில மாதங்களில் ஜாமீனில் வந்தார்கள். சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் 2015-இல்தான் வந்தது. போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் திருகோணமலை நீதிமன்றம் பதிமூன்று பேரையும் விடுவித்தது.

  திருகோணமலையில் ஜனவரி 2 வந்தால் காந்தி சிலை அருகே மக்கள் கூடுகிறார்கள். ஐந்து மாணவர்களையும் சுட்டது யார் என்று இதுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.