உஷார்! இந்தச் சனிக்கிழமை நைட் டிரைவா?

"சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு எல்லாரும் பெட்ரோல் பங்க்ல அசெம்பிள். அராவலியில ரெண்டு டிராக், அப்புறம் முர்தல் டாபால பரோட்டா. ஃபுல் டேங்க், ஃபுல் மூட்!"

டிசம்பர் பிறந்தால் போதும், டெல்லியில் ஃபோர் பை ஃபோர் வைத்திருப்பவர்களின் செல்போனில் இப்படி ஒரு செய்தி வந்து விழும். தார், ஜிம்னி, கூர்க்கா, வயதான ஜிப்ஸி என்று ஒரு டஜன் வண்டி சேர்ந்துவிடும். அந்தச் செய்தியைப் போடப்போகிறவர் நீங்கள் என்றால், அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வருகிறவர்களுக்கு அது ஜாலி. கூப்பிட்டவருக்கு விடிகிற வரை வயிற்றில் நெருப்பு.

ராத்திரி ரோடு காலியாக இருக்கும் என்பதுதான் முதல் தப்புக் கணக்கு. நெரிசல் நேரத்தில் எல்லையில் நிறுத்தி வைக்கப்படும் கனரக லாரிகள் இரவு 11 மணிக்கு மேல்தான் டெல்லிக்குள் திறந்துவிடப்படுகின்றன. நீங்கள் கிளம்புகிற நேரமும் அவை நுழைகிற நேரமும் ஒன்று. நகரைச் சுற்றிப் போகும் குண்ட்லி-மானேசர்-பல்வல் விரைவுச்சாலைக்குப் போனால் இன்னொரு ஆபத்து. டிரைவர் தூங்குவதற்காக ஓரம்கட்டிய லாரி, பின்விளக்கு இல்லாமல், இருட்டோடு இருட்டாக நிற்கும். வயலிலிருந்து நீலான் மாடு சாலைக்குள் பாயும். நம்மூர் மாட்டைப் போல ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்காது, கிட்டத்தட்ட குதிரை உயரம்.

காடு மேடு ஏறுகிற வண்டி என்பதால் தார்ச்சாலை அதற்கு விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். 2025 செப்டம்பர் 27 விடியற்காலையில் குருகிராமில் தேசிய நெடுஞ்சாலையின் 9-ஆம் எக்ஸிட் அருகே ஒரு தார் வண்டி தடுப்பில் மோதி நொறுங்கியது. உள்ளே இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். சேறும் இல்லை, பாறையும் இல்லை, நல்ல தார்ச்சாலை. உயரமான வண்டி, சேற்றுக்கான முரட்டு டயர், ராத்திரி வேகம் என மூன்றும் சேர்ந்தால் வளைவிலும் பிரேக்கிலும் அது சாதாரண காரைவிட மோசமாகத்தான் நடந்துகொள்ளும்.

அடுத்தது அராவலி. குருகிராமுக்கும் ஃபரிதாபாத்துக்கும் நடுவில் உள்ள அந்தக் கரடுமுரடான நிலத்தைப் பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத பொட்டல் மாதிரி தோன்றும். அதில் பெரும்பகுதி, 1900-ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட நிலம் காட்டு நிலம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்துவிட்டது. பக்கத்திலேயே மாங்கர் பனி, கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் கிளைகூட ஒடிக்காமல் காத்துவரும் கோயில்காடு. இந்தப் பக்கம் அசோலா பட்டி சரணாலயம். சிறுத்தைகள் நடமாடும் இடம் இது. சாலையைக் கடக்கும்போது அடிபட்டுச் செத்தவையும் உண்டு. சத்தியமங்கலத்துக்காரரிடம் திம்பம் மலைப்பாதையில் ராத்திரி ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார். இங்கே கேட் கிடையாது, அதனால் அனுமதி உண்டு என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம்.

அதைவிட என் குலை நடுங்குவது குழிகளை நினைத்தால்தான். இந்த மலைகளில் பல ஆண்டுகள் கல்லும் மண்ணும் வெட்டினார்கள். 2002-இலும் 2009-இலும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு வெட்டியவர்கள் போய்விட்டார்கள், வெட்டிய குழி அப்படியே இருக்கிறது. சில குழிகளில் நீலமாய்த் தண்ணீர். ஃபரிதாபாத் பக்கம் அப்படி ஒன்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயரே 'கூனி ஜீல்', கொலைகார ஏரி. பகலில் பார்த்தால் சரிவு இல்லாத செங்குத்து விளிம்பு. ராத்திரியில் மேடேறும்போது ஹெட்லைட் நேரே வானத்தைப் பார்க்கும். மேட்டில் ஏறி முன்சக்கரம் இறங்கும்போதுதான் கீழே தரை இருக்கிறதா இல்லையா என்று தெரியும். கூரையில் மாட்டிய எல்.இ.டி. பாரும் காப்பாற்றாது, அது பானெட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பள்ளத்தைக் காட்டாது. பகலில் ஒருமுறை, இறங்கி, நடந்து பார்க்காத தடத்தில் ராத்திரி வண்டியை விடக்கூடாது. கூகுள் மேப்பில் பார்த்தேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது.

இன்னொன்றைச் சொல்ல மனம் கூசுகிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஆகஸ்ட் 23 இரவு, ஃபரிதாபாத்தில் காரில் போய்க்கொண்டிருந்த 12-ஆம் வகுப்பு மாணவர் ஒருவரையும் உடன் இருந்தவர்களையும், மாடு கடத்துகிறவர்கள் என்று நினைத்து ஒரு கும்பல் பல கிலோமீட்டர் துரத்தியது. பல்வல் டோல் அருகே சுட்டதில் அந்தப் பையன் இறந்துபோனான். அவர்கள் போனது ஒற்றைக் கார். நீங்கள் கிராமத்துப் பாதையில் நடுராத்திரி 12 பெரிய வண்டிகளை வரிசைகட்டி ஓட்டுகிறீர்கள், முன்னால் பளீரென்று விளக்கு, கையில் ரேடியோ. பார்க்கிறவன் நம்மை என்னவென்று நினைப்பான்? பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் ஊர்ப் பெரியவருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லாமல் அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாதீர்கள்.

சரி, காடு வேண்டாம், ஹைவேயிலேயே போய்விட்டு வருகிறோம் என்றால், பனிமூட்டம். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கான வேகத்தை 100-இலிருந்து 75 கிலோமீட்டராகக் குறைத்துவிடுகிறார்கள். 2025-இல் அந்தக் குறைப்பு வந்த மறுநாளே, டிசம்பர் 16 விடியலில், மதுரா அருகே பனியில் பேருந்துகளும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பிடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கான்வாய்க்கு இதில் தனி ஆபத்து உண்டு. 'முன் வண்டியின் பின்விளக்கு கண்ணில் படும்படி வா' என்பது நாம் எல்லாருக்கும் சொல்லித்தரும் விதி. பனி இறங்க இறங்க, விளக்கைத் தொலைக்கக்கூடாது என்று ஒவ்வொருவரும் முன் வண்டியை நெருங்கிக்கொண்டே போவார்கள். 50 அடி 20 அடியாகும். முதல் வண்டி பிரேக் போட்டால் மற்றவை வரிசையாகப் போய் முட்டும். நாமே போட்ட விதி நம்மையே அடிக்கும். பனி இறங்கிவிட்டால் கான்வாயைக் கலைத்துவிடுங்கள். தனித்தனியாகப் போய் டாபாவில் சேரட்டும், பரோட்டா எங்கேயும் ஓடிவிடாது. ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்ட விடுவதும் தப்பு. பின்னால் வருகிறவர் நிற்கும் வண்டி என்று நினைத்து ஸ்டியரிங்கை ஒடிப்பார்.

இனி, எல்லாரும் ஆவலோடு காத்திருக்கும் காட்சிக்கு வருவோம். ஒரு வண்டி யமுனைக் காதரின், அதாவது ஆற்றோர வெள்ளச்சமவெளியின், சேற்றில் புதைந்துவிட்டது. சுற்றிப் பத்து பேர், செல்போன் டார்ச், "இன்னும் கொஞ்சம்... இழு, இழு!" இந்த நிமிடத்தில்தான் ஆள் சாகிறது. இழுக்கும் ஸ்ட்ராப்பை வண்டியின் பின்னால் இருக்கும் டோ பாலில் மாட்டுவார்கள். அந்த உருண்டை டிரெய்லரின் எடையைத் தாங்கச் செய்தது, புதைந்த இரண்டு டன்னைக் குலுக்கி இழுக்கச் செய்தது அல்ல. அது பிய்ந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். சேசிஸில் உள்ள கொக்கியில் மட்டுமே மாட்டவேண்டும், ஸ்ட்ராப்பின் நடுவில் கனமான கம்பளியோ ஜமுக்காளமோ போர்த்தவேண்டும், ஸ்ட்ராப்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஒரு ஆள்கூட நிற்கக்கூடாது. பகலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். ராத்திரியில் ஒரு பையன் வீடியோ எடுக்கச் சரியாக அந்தக் கோட்டில்தான் குந்தியிருப்பான். ஒருமுறை அப்படிக் குந்தியிருந்தவனைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அவனுக்குக் கோபம், இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பரவாயில்லை, ஆள் இருக்கிறான்.

புதைந்த வண்டிக்குள் குளிருக்கு ஹீட்டர் போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருக்கவும் விடாதீர்கள். புகைக்குழாய் சேற்றில் மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். வாசம் வராது, தூக்கம்தான் வரும்.

மணலுக்காக டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், ஹைவே ஏறுமுன் மறுபடி ஏற்றியாகவேண்டும். தளர்ந்த டயரில் 90-இல் போனால் சூடேறி வெடிக்கும். அதேபோல் தார்ச்சாலையில் 4 ஹெச்-ஐ, அதாவது நான்கு சக்கர இயக்கத்தை, எடுத்துவிடச் சொல்லுங்கள். தாரிலும் ஜிம்னியிலும் அதைப் போட்டபடி காய்ந்த சாலையில் திரும்பினால் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அலட்சியம் வேண்டாம். காற்று மாசுக்காக மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு அறிவித்தால் பி.எஸ்.3 பெட்ரோல், பி.எஸ்.4 டீசல் கார்கள் டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், கௌதம புத்த நகரிலும் ஓடக்கூடாது. பிடித்தால் சலான் 20,000 ரூபாய். நம் குழுக்களில் பாதி வண்டி பழைய டீசல். நேரம் வைத்து யார் முதலில் என்று பார்ப்பது போட்டி. அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு இருக்கிறது, நம் இன்சூரன்ஸ் பாலிசியும் ரேஸ், வேகச் சோதனை என்றால் கையை விரித்துவிடும். வாக்கி டாக்கி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஆன்லைனில் மலிவாக வாங்கிய மற்றவற்றுக்கு வேண்டும். குடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நின்ற காரையே மதுக்கடையாக்கும் பழக்கத்துக்கு டெல்லிக்காரன் 'கார்-ஓ-பார்' என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறான். பாட்டில் திறந்தவரின் சாவியை வாங்கிவிடுங்கள், அவர் குழுவின் தலைவராகவே இருந்தாலும்.

112, நெடுஞ்சாலை உதவிக்கு 1033, இரண்டையும் காகிதத்தில் எழுதி எல்லா வண்டியிலும் ஒட்டுங்கள். மலைக்குள் போனால் சிக்னல் இருக்காது, அதனால் எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முதல் வண்டிக்கு வழி தெரிந்தவர், கடைசியில் நிதானமான ஒருவர், அதாவது ஸ்வீப். யாரும் பின்தங்காமல் பார்ப்பது அவர் வேலை. கிளம்பும்போதும், ஒவ்வொரு நிறுத்தத்திலும், டாபாவிலும் அவர்தான் வண்டியை எண்ணவேண்டும். முர்தலில் ஆர்டர் கொடுத்த பிறகு "பதினொண்ணுதானே இருக்கு?" என்று எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

எங்கள் குழுவிலும் சனிக்கிழமைக்குச் செய்தி வந்துவிட்டது. இதுவரை 14 பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். "ஸ்வீப் யாரு?" என்று நேற்று ராத்திரி கேட்டேன். 14 பேரும் படித்துவிட்டார்கள். இன்னும் யாரும் பதில் போடவில்லை.