கண்டிக்கோட்டையில் ஒரு சாயங்காலம்



பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சொந்த ஊரை விட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு, விடுமுறை என்றாலே வேலூருக்கோ சென்னைக்கோ உறவினரைப் பார்க்கப் புறப்படுவதுதான் வழக்கம். ஆண்டுகள் பல கழிந்தும், நாம் வாழும் மாநிலத்தின் சிறப்பான இடங்களைப் பாராமலே இருந்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்று கடப்பா மாவட்டத்திலுள்ள கண்டிக்கோட்டை. அங்கே பெண்ணாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கின்மேல் சூரியன் அஸ்தமிப்பதைக் காணக் குடும்பமாகச் செல்ல விரும்புவோருக்கு உதவியாக இக்கட்டுரையை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே நினைவில் கொள்ளுங்கள்: அஸ்தமனத்தோடு பயணத் திட்டம் முடிந்துவிடுவதில்லை. சூரியன் மறைந்தபின் பிள்ளைகளும் பெரியவர்களும் பாறைகளின்மேல் நடந்து பத்திரமாகத் திரும்பவேண்டும். ஆகவே அந்தத் திரும்பும் நேரத்தை முதலாவது குறித்துவிட்டு, மற்ற நேரங்களை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

ஆறு அறுத்த மலை

தெலுங்கில் 'கண்டி' என்றால் மலை இடுக்கு. எர்ரமலைத் தொடரைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு ஓடும் இடுக்கின் தென்கரையில் இருப்பதால் இக்கோட்டைக்கு இப்பெயர் வந்தது. பள்ளத்தாக்கின் ஆழம் ஏறக்குறைய 300 அடி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் ஒரு மைலுக்கும் அதிகமான ஆழமுடையது. அதனோடு ஒப்பிட்டு இதனை 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று அழைக்கிறார்கள். அளவில் இது மிகச் சிறியதே. ஆனாலும் செந்நிறப் பாறைகள் அடுக்கடுக்காக இருபுறமும் மதிலைப்போல் எழும்பி நிற்க, நடுவே ஆறு வளைந்து செல்லும் காட்சி அதனை நினைப்பூட்டும்.

நம் வீட்டுச் சமையல் மேடையில் பதித்திருக்கும் கடப்பாக் கல்லும் இம்மாவட்டத்தில் வெட்டியெடுக்கப்படுவதே. அது சுண்ணாம்புக் கல். பள்ளத்தாக்கின் சுவர்களோ அதைவிடக் கடினமான குவார்ட்சைட் என்னும் பாறை. ஆதியில் மணலாகப் படிந்து, அழுத்தத்தினால் இறுகிய இப்பாறைகளின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று நிலவியலார் கணக்கிடுகின்றனர்.

கோட்டைக்கும் நெடிய சரித்திரம் உண்டு. விஜயநகர ஆட்சியின்கீழ் பெம்மசானி நாயக்கர்கள் இதனை ஆண்டார்கள். பின்பு கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இதைக் கைப்பற்றினார். 1652-ல் அவரைக் காண இங்கே வந்த பிரெஞ்சு இரத்தின வியாபாரி தவேர்னியே, கோட்டைக்கு ஏறும் வழி எவ்வளவு குறுகலும் கடினமுமானது என்பதைத் தம் பயண நூலில் எழுதிவைத்தார். மாதவராயர் கோவிலின் கோபுரம், ரங்கநாதர் கோவில், ஜும்மா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் ஆகியவை இன்றும் கோட்டைக்குள் நிற்கின்றன.

எந்த மாதத்தில் செல்வது?

ராயலசீமை வறண்ட பூமி. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பாறைகள் மாலையிலும் அனல் வீசும். அக்காலத்தில் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வது நல்லதல்ல. மழை ஓய்ந்தபின் நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையுள்ள காலமே ஏற்றது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கில் இறங்குகிறது. நாம் நிற்பது தென்கரை. ஆகையால் எதிரேயுள்ள வடகரைப் பாறைச்சுவர் தெற்கு நோக்கியிருக்கிறது. மாலைக் கதிர்கள் அதன்மேல் சாய்வாக விழுந்து, செம்மண் நிறத்தைப் பொன்னிறமாக்கும். சூரிய வட்டம் பள்ளத்தாக்குக்குள்ளே இறங்கும் என்று எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறக்கூடும். எதிர்ச்சுவரைப் பாருங்கள், அஸ்தமனத்துக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் அதன் நிறம் சிறிது சிறிதாக மாறுவதே காணத்தக்கது. ஜூன் மாதத்திலோ சூரியன் வடமேற்கில் மறைவதால் அச்சுவரில் பெரும்பாலும் நிழலே விழும்.

அஸ்தமன நேரமும் மாதத்திற்கு மாதம் வேறுபடும். நவம்பர் இறுதியில் மாலை 5.45, ஜனவரி நடுவில் 6.05, ஜூன் இறுதியில் 6.50 அளவில் சூரியன் மறையும். கோடையில் சென்றுவந்த நண்பர் சொன்ன நேரத்தை நம்பி டிசம்பரில் புறப்பட்டால், நீங்கள் சேரும்போது இருட்டியிருக்கும்.

வழியும் நேரமும்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை வழியாகக் கடப்பாவுக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அங்கிருந்து எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு வழியாகக் கண்டிக்கோட்டை இன்னும் 85 கிலோமீட்டர் அளவு. சித்தூரிலிருந்து வருவோர் பீலேர், ராயசோட்டி வழியாகக் கடப்பாவை அடையலாம். அவ்வழியில், ராயசோட்டிக்கும் கடப்பாவுக்கும் இடையிலுள்ள குவ்வலசெருவு மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். அதைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். இரயிலில் வருவோருக்கு முத்தனூரு, எர்ரகுண்ட்லா நிலையங்கள் அருகிலுள்ளவை.

காலையில் சென்று இரவில் திரும்பிவிடலாம் என்று எண்ணாதிருங்கள். போக வர 450 கிலோமீட்டர். நாள் முழுவதும் வண்டியோட்டியவர் இருட்டில் மறுபடியும் ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். முழுக் குடும்பத்தின் உயிரும் அவர் கண்ணிமைகளில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை சென்று, இரவு தங்கி, சனிக்கிழமை திரும்பினால், ஞாயிறு ஆராதனைக்கும் இடையூறு நேராது. கோட்டை அருகே ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹரிதா விடுதி இருக்கிறது. அறை கிடைக்காவிடில் ஜம்மலமடுகில் தங்கலாம். அவ்வூர் 15 கிலோமீட்டர் தூரமே. விடுமுறைக் காலமானால் முன்பதிவு அவசியம். 2024 நவம்பரில் மத்திய அரசு கண்டிக்கோட்டையை மேம்படுத்த ஏறக்குறைய 78 கோடி ரூபாய் அனுமதித்தது. வேலைகளின் நிமித்தம் வழிகள் மாறியிருக்கக்கூடும், விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நேரக் கணக்கு. டிசம்பரில் 5.45-க்கு அஸ்தமனம் என்றால், ஆறு மணிக்குப் பாறைகளை விட்டுப் புறப்பட வேண்டும். 4.30-க்காவது ஓரத்தில் இடம் பார்த்து அமர வேண்டும். கோட்டைக்குள் சுற்றிப்பார்க்க ஒன்றரை மணி நேரம். ஆகவே மூன்று மணிக்குக் கோட்டை வாசலில் நிற்க வேண்டும். மதிய உணவுக்கும் வழியில் இளைப்பாறுதலுக்கும் நேரம் ஒதுக்கினால், திருப்பதியிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்படுவது சரியாயிருக்கும்.

பாறையின் விளிம்பில்

மசூதியையும் களஞ்சியத்தையும் கடந்ததும் பாறைகள் தொடங்கும். ஓரம் முழுவதும் கைப்பிடிச் சுவர் இருக்கும் என்று நம்பிச் செல்லாதிருங்கள். பல பாறைகளுக்குக் கீழே செங்குத்தான பள்ளம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கால் இறங்கும் அளவுக்கு வெடிப்புகள் உண்டு.

ஆகையால் வீட்டிலேயே சில காரியங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார். அந்தப் பொறுப்புள்ளவர் கையில் கேமராவும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். புகைப்படத்துக்காகப் பின்னோக்கி ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது. விளிம்பிலிருந்து பத்து அடி உள்ளே அமர்ந்தாலும் காட்சி குறைவதில்லை. புடவை, வேட்டி அணிவோர் பாறை ஏறும்போது கவனமாயிருங்கள். செருப்பைவிட, நாடா கட்டிய காலணி நல்லது. முழங்கால் வலியுள்ள தாய்தகப்பன்மாருக்குச் சமதளமான பாறையைத் தேடி, முன்னதாகவே அமர்த்திவிடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும், குடும்பத்துக்கு இரண்டு டார்ச் விளக்குகளும் அவசியம்.

மேலே கண்டிக்கோட்டை நீர்த்தேக்கமும் கீழே மைலவரம் அணையும் உள்ளன. நீர்மட்டம் ஏறவும் இறங்கவும் கூடும். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் குளிக்க இறங்க அனுமதியாதிருங்கள்.

இருளுக்கு முன்னே

நம் நாட்டில் அந்திவெளிச்சம் நீண்டு நிற்பதில்லை. சூரியன் மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்குள் காலடிக் கல் தெரியாமற்போகும். வரும்போது எளிதாகத் தாண்டிய வெடிப்பு, அப்பொழுது பள்ளமாகத் தோன்றும். மெய்யான பள்ளமோ கண்ணுக்கே தோன்றாது. வானத்தின் சிவப்பு அழகாயிருக்கிறதே, இன்னும் சற்று நேரம் இருப்போம் என்று மனம் சொல்லும். அவ்வேளையில்தான் குடும்பத் தலைவர் எழுந்திருக்க வேண்டும். முதியோரும் பிள்ளைகளும் நடுவிலும், டார்ச் பிடித்தவர்கள் முன்னும் பின்னுமாக வரிசையாய் நடந்து வாருங்கள். மசூதி அருகே வந்ததும் தலைகளை எண்ணிப் பாருங்கள். மீதிச் சிவப்பை அங்கே, சமதரையில் நின்று பார்க்கலாம்.

இரவு தங்கினால் மறுநாள் சூரியோதயத்தையும் அதே பாறைகளிலிருந்து காணலாம். விடியுமுன் எழுப்பினால் பிள்ளைகள் சிணுங்குவார்கள், ஆனாலும் எழுப்புங்கள். முந்தின மாலையில் இருண்டுபோன பள்ளத்தாக்கில் சிறிது சிறிதாய் வெளிச்சம் இறங்குவதைக் கண்டபின், அவர்களே அடுத்த பயணம் எப்பொழுது என்று கேட்பார்கள்.