ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பெருவணிக வழங்கல் சங்கிலியும்

முன்னுரை

மூலப்பொருள் தோன்றும் இடம் முதல் நுகர்வோர் கையை அடையும் வரை பொருளும் பணமும் செய்தியும் செல்லும் வழியை வழங்கல் சங்கிலி என்பர். இதனை விளக்கப் பன்னாட்டு அங்காடிகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதனை அடுத்துள்ள இராஜபாளையமும் அதே பாடத்தை வேறொரு கோணத்தில் கற்பிக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பொருளின் இடத்தைக் காக்கிறது, காலத்தைக் காப்பதில்லை. பெரிய சில்லறை வணிகத்தின் வழங்கல் சங்கிலியோ காலத்தின்மீது கட்டப்பட்டது. இவ்விரண்டும் சந்திக்கும்போது எழும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

பால் சுருங்கும் இடம்

கறந்த பால் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். கூட்டுறவு அமைப்பு இதனைக் குளிரூட்டலால் எதிர்கொள்கிறது. சிற்றூர்ச் சங்கத்தில் கொள்முதலாகும் பால் ஏறத்தாழ 4 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்டு மாவட்ட ஒன்றியத்திற்கும், அங்கிருந்து நகரங்களுக்கும் செல்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் குளிர் அறாமல் இருத்தல் வேண்டும். பால்கோவா அதே சிக்கலுக்கு அடுப்பால் விடை காண்கிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 10 லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 10.3 கிலோ. அதில் திடப்பொருள் 13 விழுக்காடு எனக் கொண்டால் 1.3 கிலோவுக்குச் சற்று மிகும். 1.25 கிலோ சர்க்கரை சேர்த்து, ஈரம் 20 விழுக்காடாகும் வரை சுண்டக் காய்ச்சினால் கிடைப்பது ஏறத்தாழ 3.2 கிலோ. எட்டுக் கிலோவுக்கு மேற்பட்ட நீர் ஆவியாகிவிடுகிறது. எஞ்சிய நீரில் ஒரு பகுதியைச் சர்க்கரை பிணித்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருகுவது தடைப்படுகிறது. குளிர்வண்டி இன்றிக் கொண்டுசெல்ல இயலாத பத்துக் கிலோச் சரக்கு, பேருந்தில் கைப்பையில் செல்லத்தக்க மூன்று கிலோவாக மாறுகிறது. உற்பத்தி நடைபெறும் இடம் பால் கிடைக்கும் இடத்தை ஒட்டி அமைய வேண்டியதன் காரணமும் இதுவே.

சங்கிலியின் முதற்கண்ணியில் ஏற்படும் குறை இறுதிவரை தொடரும் என்பதையும் இங்குக் காணலாம். பாலின் விலை கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்து முடிவாகிறது. திடப்பொருள் 13இலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தால், 100 லிட்டர் பாலில் ஏறத்தாழ 1.3 கிலோ பால்கோவா குறையும். அதற்கு மேல் கூடுதல் நீரை வற்றவைக்கும் விறகுச் செலவும் உண்டு. எனவே பால்கோவா தயாரிப்பாளர் உண்மையில் வாங்குவது லிட்டரை அன்று, திடப்பொருளை.

தேவையின் நாட்காட்டி

நுகர்வோர் வாங்குவதில் நேரும் சிறு ஏற்றத்தாழ்வு, சில்லறை வணிகர், மொத்த வணிகர், உற்பத்தியாளர் எனப் பின்னோக்கிச் செல்லச் செல்லப் பெருத்துவிடும். கையைச் சிறிதளவு அசைத்தாலும் சாட்டையின் நுனி வேகமாகச் சுழல்வதைப் போன்றதாகையால் இது சாட்டைவீச்சு விளைவு எனப்படுகிறது. ஜே ஃபாரஸ்டர் இதன் அடிப்படையை 1961இல் விளக்கினார். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முன்னுள்ளவரின் கொள்முதல் ஆணையை மட்டும் பார்த்துத் தேவையை ஊகிப்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காய்ச்சுபவருக்கும் வாங்குபவருக்கும் இடையே பெரும்பாலும் ஒரு கடைமேடையே உள்ளது. தேவை எப்போது மிகும் என்பதையும் நாட்காட்டியே கூறிவிடும். ஆடிப்பூரத் தேரோட்டம், புரட்டாசிச் சனிக்கிழமைகள், மார்கழி, கொல்லம் சாலைவழியே ஐயப்ப பக்தர்கள் செல்லும் கார்த்திகை முதல் தை வரையிலான காலம், குற்றாலச் சாரல் ஆகியன ஊரார் அறிந்தவை. அன்றன்று விற்பதைக் கண்டு அடுத்த நாள் காய்ச்சும் அளவை முடிவு செய்யலாம். எனினும் இதனை மிகைப்படுத்திப் போற்ற வேண்டியதில்லை. கோடையில் பால்வரத்து குறையும். வாங்குவோர் வருகையோ அதற்கேற்பக் குறைவதில்லை. அவ்வேளையில் தயாரிப்பாளர் கூடுதல் விலைக்குப் பால் வாங்கவோ விற்பனையைச் சுருக்கவோ நேரிடும்.

இராஜபாளையம் மாம்பழத்திற்கு இவ்வசதி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளின் விளைச்சல் சில வாரங்களுக்குள் ஒருசேர வருகிறது. கிருஷ்ணகிரியில் பெங்களூரா வகை மிகுந்தால் பழக்கூழ் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். சப்பட்டை போன்ற உண்பழ வகைகள் பழமாகவே விற்றாக வேண்டும். காயாகப் பறித்துத் தொலைவிற்கு அனுப்பி, அங்குப் பழுக்கவைப்பதே இதில் காலத்தை வெல்லும் வழி. அதற்குக் கார்பைடு கல் தடைசெய்யப்பட்டுள்ளது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் செறிவுவரை பயன்படுத்தலாம். பாலைச் சுருக்குவதைப் போல மாம்பழத்தைச் சுருக்க அருகில் ஓர் அடுப்பில்லாததால், விலைச்சரிவின் சுமை குத்தகைதாரர்மீதோ தோப்புக்காரர்மீதோ விழுகிறது.

பெருவணிகத்தின் நாட்கணக்கு

பெரிய அங்காடி நிறுவனங்கள் சரக்கை மையக் கிடங்கில் திரட்டி, அங்கிருந்து கிளைகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. பல நூறு வகைப் பொருள்களை ஒரே வண்டியில் அனுப்ப முடிவதால் செலவு குறைகிறது. மாதக்கணக்கில் கெடாத பொருளுக்கு இது சிறந்த ஏற்பாடு. பால்கோவாவிற்கு அவ்வாறு அன்று.

உதிரியாக விற்கப்படும் இனிப்புகளுக்கும் எந்நாளுக்குள் உண்பது நன்று என அறிவிக்க வேண்டுமென்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாயிற்று. இணையவழி விற்கப்படும் உணவு நுகர்வோரிடம் சேரும்போது அதன் ஆயுளில் 30 விழுக்காடாவது, அல்லது காலாவதிக்கு முன் 45 நாள்களாவது எஞ்சியிருக்க வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024இல் அறிவுறுத்தியது. ஒரு பால்கோவாவின் ஆயுளைப் பத்து நாள் எனக் கொள்வோம். 45 நாள் அளவுகோல் அதற்குப் பொருந்தாது. மூன்று நாள் எஞ்சியிருக்க வேண்டுமெனில் சங்கிலிக்குக் கிடைப்பது ஏழு நாள். ஆறவைத்துப் பொதியிட ஒரு நாள், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள சென்னைக்கு ஒரு நாள், கிடங்கில் இரண்டு நாள், வீட்டிற்குக் கொண்டுசேர்க்க ஒரு நாள் எனக் கழித்தால் விற்பதற்கு எஞ்சுவது இரண்டே நாள். இது எடுத்துக்காட்டுக் கணக்கே எனினும் நெருக்கடியின் அளவைக் காட்டப் போதுமானது.

இந்நெருக்கடிக்கு எளிய விடை ஆயுளை நீட்டுவது. ஈரத்தை மேலும் வற்றச்செய்யலாம், சர்க்கரையைக் கூட்டலாம், காற்றகற்றிய பொதியில் அடைக்கலாம். முதலிரண்டும் குழைவைக் குறைத்து இனிப்பைத் திகட்டச் செய்யும். சங்கிலிக்கேற்பப் பண்டம் மாறுமாயின், புவிசார் குறியீடு பெயரைக் காத்துச் சுவையை இழக்கும் நிலை வரும் என்பது கட்டுரையாளரின் கருத்து. மூன்றாவது வழி பண்டத்தின் இயல்பை மாற்றுவதில்லை. ஆனால் அதற்குரிய எந்திரத்தில் முதலிடுவது சிறு தயாரிப்பாளருக்கு எளிதன்று.

மற்றொரு விடை கிடங்கையே தவிர்ப்பது. நாளிதழ் கிளைகளுக்கு நேரே செல்வதைப் போல, முதல்நாள் விற்பனையளவைத் தயாரிப்பாளருக்கு நேரடியாகத் தெரிவித்து, இரவுப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ சரக்கைப் பெறலாம். மேற்கண்ட கணக்கில் இரண்டு நாள் மிச்சமாகி, விற்பனைக்கு நான்கு நாள் கிடைக்கும். இதற்கு வணிக நிறுவனம் தன் விற்பனைத் தரவைப் பகிர வேண்டும். விற்காத சரக்கைத் திருப்பியனுப்பி இழப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தும் ஒப்பந்த முறையையும் மாற்ற வேண்டும். இழப்பு முழுவதும் தயாரிப்பாளருக்கே என்னும் நிலையில், ஆணையைக் குறைத்துக் கேட்க வேண்டிய தேவை நிறுவனத்திற்கு இல்லை; காய்ச்சுபவருக்கோ சர்க்கரையைக் கூட்டுவதைத் தவிர வேறு காப்பு இல்லை.