திப்பிலி மருந்துத் தகரத்துக்குள்ளேயே கிடக்க வேண்டுமா?

திப்பிலி கேட்டு எனது கடைக்கு வருவோரில் பெரும்பாலானோர் இருமலுக்காகவே கேட்கின்றனர். வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்துக் கட்டித் தரச் சொல்வார்கள். பிள்ளைப்பேற்றின் பின் தாய்க்குக் காய்ச்சும் சரக்குக் கறிக்கென்று வாங்குவோரும் உண்டு. அன்றாடக் கறிக்கு எவரும் கேட்பதில்லை. ஆகவே நாமும் அதைத் தகரத்தில் போட்டு மூலையில் வைத்துவிட்டோம்.

ஆனால் இது ஒரு காலத்தில் மிளகையே விஞ்சிய சரக்காகும். வடமொழியின் 'பிப்பலி' என்ற சொல்லே கிரேக்கம், லத்தீன் வழியாக மருவி ஆங்கிலத்தில் 'பெப்பர்' ஆயிற்று. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி எழுதி வைத்த விலைப்படி, ஒரு இறாத்தல் கறுப்பு மிளகு 4 தெனாரி, வெள்ளை மிளகு 7, திப்பிலியோ 15.

பின்னர் மிளகு பெருமளவில் கப்பலேறி மலிந்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் அமெரிக்கக் கண்டத்துக் கொச்சிக்காயும் ஆசியாவெங்கும் பரவியது. உறைப்புக்கு மலிவான வழி கிடைத்ததும் திப்பிலி அடுப்படியை விட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டது. எனினும் டில்லி, லக்னோ, கராச்சி முஸ்லிம்கள் விடிய விடியக் காய்ச்சும் நிஹாரி இறைச்சிக்கான மசாலாவில் அது இன்றும் சேர்கிறது. மொரோக்கோவின் 'ராஸ் அல் ஹானூத்' கலவையிலும் அதற்கு இடமுண்டு.

அதன் சுவை எப்படி? முதலில் இலேசான இனிப்பு மணம், கறுவாவையும் சாதிக்காயையும் நினைவூட்டும். உறைப்பு பிந்தி வந்து நாவில் நெடுநேரம் நிற்கும்.

சமைக்கும் முறை எளிது. எலும்போடு ஒரு கிலோ மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சிக்கு நான்கு திப்பிலி போதும். வெறும் சட்டியில் மணம் வரும் வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம், சிறு துண்டு வேர்க்கொம்புடன் இடித்துக்கொள்ள வேண்டும். முக்கால் பங்கை வெங்காயம் வதக்கும்போதும், மீதியை இறக்கும்போதும் போடுங்கள். கொச்சிக்காய்த் தூளைப் பாதியாகக் குறைத்தால்தான் இதன் மணம் தெரியும். சூப்பிலும், வெட்டிய அன்னாசியிலும் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள்.

கொள்வனவு செய்யும்போது ஒன்றை ஒடித்துப் பார்ப்பது நல்லது. 'பட்' என்று முறிந்தால் காய்ந்த சரக்கு. வளைந்தால் ஈரம் உண்டு, பூஞ்சணம் பிடிக்கும். கசகசா அளவான பழங்கள் நெருங்கி ஒட்டிய கதிர் என்பதால் இடுக்குகளில் தூசும் பூச்சியும் ஒளிந்திருக்கும். புடைத்து, வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள். தூளாக்கினால் மணம் விரைவில் போய்விடும். முழுதாகவே விற்பது மேல்.

அடுத்தது விற்பனை. பயன் தெரியாத பொருளின் விலையை எவ்வளவு குறைத்தாலும் வாடிக்கையாளர் வாங்கமாட்டார். 25 கிராம் பக்கற்றுகளாகக் கட்டி, மேலே சொன்ன சமையல் குறிப்பை ஒரு துண்டுக் கடதாசியில் அச்சிட்டு உள்ளே வையுங்கள். அதற்கு முன், புரியாணி சமைக்கும் இரண்டொருவருக்கு மாதிரி கொடுத்து அபிப்பிராயம் கேளுங்கள். பக்கற்றின் மேல் 'இன்ன நோய் தீரும்' என்று மட்டும் எழுத வேண்டாம். நாம் விற்பது கறிச்சரக்கு. மருந்தாக உண்ண விரும்புவோரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்கட்டும்.

முதலில் ஒரு கிலோவை மட்டும் வாங்கி இவ்வாறு விற்றுப் பாருங்கள். அது முடிய எத்தனை நாளாகிறது என்பதைக் கணக்கெழுதிய பிறகு மூட்டையைப் பற்றி யோசிக்கலாம்.